கோழிக் கொட்டகை போடப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் பணத்தை எடுங்க

ஒரு லட்சத்து நாப்பதாயிரம் ரூபாய் போச்சு. ஆத்திரம் அடங்கல, அதான் இப்பவே எழுதுறேன்.

நாங்க கரூர் பக்கம். 300 நாட்டுக்கோழிக்குக் கொட்டகை வேணும்னு, இரும்புக் குழாயில ரெடிமேடா செஞ்சு வந்து நட்டுத் தர்ற ஒருத்தரைக் கூப்பிட்டோம். வந்தவர் மோரைக் குடிச்சிட்டு நேராப் போய் ஒரு பெட்டையைப் பிடிச்சார். றெக்கையைத் தூக்கி, முடியை ஊதி விலக்கிப் பார்த்துட்டு, “பேன் ஏறியிருக்குங்க அக்கா, வேப்பெண்ணெய் தடவுங்க”ன்னார். கோழி தெரிஞ்ச மனுசன்னு அந்த நிமிசம்தான் நம்பினோம். முழுப் பணமும் அன்னைக்கே போட்டோம்.

பில்லுல “300 கோழிக் கொட்டகை”ன்னு மட்டும் இருந்துச்சு. நீள அகலம் இல்ல. நட்டுட்டுப் போனது இருபதுக்குப் பத்து, 200 சதுர அடி! தரையில வளர்க்குற பெரிய கோழிக்கு ஒண்ணுக்கு ஒன்றரையில இருந்து ரெண்டு சதுர அடி வேணும். 300-க்கு 450 அடிக்குக் குறையக் கூடாது. அதுவும் நீளவாக்குல தெற்கு வடக்கா நட்டிருக்காங்க. மத்தியானத்துக்கு மேல மேல்வெயில் முழுக்க உள்ளதான். ஓரடிச் சுவரு, மேல வலைன்னு பேச்சு. வந்தது இடுப்பளவு தகரம். கோழிக்கு வேர்க்காதுங்க, வாயைத் திறந்து இளைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளும். காத்தே போகாத இடத்துல எவ்வளவு நேரம் இளைக்கும்? அக்னி நட்சத்திரத்துல ஒரு சாயங்காலம், மேற்குத் தகரத்தோட துளி நிழல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, ஐம்பதுக்கு மேல செத்துக் கிடந்துச்சு.

போன் பண்ணினா, “சீக்கா இருக்கும், டாக்டரைப் பாருங்க.” டாக்டர் வந்து, சூடும் நெரிசலும்தான்னு சொல்லிட்டார். அதைச் சொன்னா, “ஃபேன் மாட்டுங்கக்கா.” அப்புறம், “அக்னி முடிஞ்சா சரியாயிடும்.” இப்ப ஃபோட்டோ அனுப்பினா நீல டிக் விழுது, பதில் இல்ல. ஒரு லட்சத்து நாப்பதாயிரம், பால் ஊத்திச் சேர்த்த காசு!

கொட்டகை எப்படிப் போடணும்னு விளக்கமா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியல. இதை மட்டும் பாருங்க. கோழிக் கணக்குல விலை பேசாதீங்க, சதுர அடியில பேசுங்க. நீளம், அகலம், ஓரச் சுவரு உயரம் எல்லாம் பில்லுல வரணும். நீளவாக்கு கிழக்கு மேற்கு. கூரை மூணடி வெளிய இறங்கணும். பாதிப் பணம் வேலை முடிஞ்சு அளந்து பார்த்த பிறகுதான்.

ஏற்கெனவே மாட்டினவங்க 1915-க்குக் கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நாம கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணம் கிடையாது. நாங்க மனு எழுதிட்டோம்.