பாட்டுப்பெட்டிக் கண்ணாடியை ரிப்பேருக்குக் கொடுத்து ஏமாந்தேன், கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கம் கலர் கண்ணாடி பதித்த பழைய பாட்டுப்பெட்டியோ கடிகாரமோ வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பாலிஃபோன், ஜெர்மனியில் லைப்சிக் நகரில் செய்தது. கொள்ளுத்தாத்தா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்து நாகப்பட்டினத்தில் இறக்கியது. கிராமபோன் இல்லை இது. சாவி கொடுத்தால் ஓட்டை குத்திய இரும்புத் தட்டு சுற்றும், அதன் அடியில் நீட்டியிருக்கும் முனைகள் நட்சத்திரச் சக்கரங்களைத் தள்ளும், அவை எஃகுச் சீப்பின் பற்களை மீட்டும். கதவில் ஈயப் பட்டியில் கோத்த 23 துண்டு கலர் கண்ணாடி, அது அவரே பினாங்கில் ஆசையாகப் போடச்செய்தது என்று அப்பாயி சொல்வார்.

போன ஐப்பசி மழையில் கதவு காற்றில் அடித்து இரண்டு துண்டு விரிசல் விட்டது. படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் கேட்டேன். "தஞ்சாவூர் ஓவியத்துக்கே கண்ணாடி போடுறோம் சார், இதென்ன பெரிய வேலை" என்றார். ஓவியத்துக்குச் சட்டம் போடுவது வேறு, ஈயப் பட்டியைப் பிரித்துக் கோப்பது வேறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று வாரம், 3,500 ரூபாய் என்றவர் நான்கு மாதம் இழுத்து 9,000 வாங்கினார்.

கதவை மாட்டிய மறுநாள் காலை முற்றத்து வெயில் அதன்மேல் விழுந்தபோதுதான் வயிறு பகீரென்றது. பழைய கண்ணாடியில் நிறம் உருக்கும்போதே கலந்தது, பால்வெள்ளையும் பச்சையும் மேகம் மாதிரி ஓடும். ஓபலசென்ட் என்பார்கள், அமெரிக்காவில் ஜான் லா ஃபார்ஜ் 1880-இல் காப்புரிமை வாங்கிய ரகம். நம் கடைத்தெருவில் கேட்டால் கிடைக்கிற சரக்கே இல்லை. ஒன்பது இடங்களில் அந்த ஓட்டம் இல்லாமல் ஒரே தட்டையான பச்சை. ஓரத்தை நகத்தால் நெம்பினேன், ஸ்டிக்கர் உரிந்து வந்தது, அடியில் வெறும் ஜன்னல் கண்ணாடி. உடைந்தது இரண்டு, மாற்றியது ஒன்பது! நல்லாயிருந்த ஏழு துண்டும் எங்கே என்று கேட்டால், "கழட்டும்போது உடைஞ்சுபோச்சு, குப்பையில போட்டாச்சு" என்கிறார். நான் நம்பவில்லை.

அதைவிட மோசம் இன்னொன்று. பெட்டியைத் திறந்தால் வினிகர் மாதிரி புளித்த வாடை. கண்ணாடி ஆடாமல் இருக்க மலிவு சிலிகான் பசையை வழிய வழியப் பூசியிருக்கிறார். அந்த ரகம் காயும்போது அசிட்டிக் அமில ஆவி விடும், அது ஈயத்தை அரிக்கும். கதவில் மட்டும்தானே ஈயம் என்று நினைக்காதீர்கள், சீப்பின் நீளமான பற்களுக்கு அடியில் கனமான சுரம் வருவதற்காக ஈயக் கட்டிகள் ஒட்டியிருப்பார்கள். அவை வெள்ளையாகப் பூத்து உப்பினால் பக்கத்துப் பல்லில் இடிக்கும், சுரம் கெடும். டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு கட்டியில் வெள்ளைப் பொடி. இரண்டு வருஷம் முன்பு எண்ணெய் போட்டபோது அது இல்லை. தட்டைச் சுற்றவிட்டால் கதவும் ஙொய்யென்று அதிர்கிறது, ஏனென்றால் சட்டத்துக்குள் இருந்த பழைய கம்பளித் துணியை எடுத்துப்போட்டுவிட்டார்.

வேலை தெரிந்தவர் முதலில் கண்ணாடிமேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார், ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுவார், விரிசல் விட்டதைத் தூக்கி எறியாமல் ஓரத்தை நிறமில்லாத எபாக்சிப் பசையால் ஒட்டுவார், ஈயப் பட்டியின் இடுக்கில் சுண்ணாம்புத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கு வைப்பார். இதையெல்லாம் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டுப்பாருங்கள், முழித்தால் கதவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுக்கும் முன் பின்னால் வெயில் இருக்கும்படி படம் எடுங்கள், துண்டு எத்தனை, உடைந்தது எத்தனை, கழட்டியதைத் திருப்பித் தர வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என்னிடம் இருக்கும் சீட்டில் "கண்ணாடி வேலை 9,000" என்று மட்டும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் என்னத்தைக் காட்டுவது?

இப்போது கதவைக் கழட்டித் தனியாக வைத்துவிட்டேன், சிலிகானைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், வாடை போகும்வரை பெட்டியைத் திறந்தே போட்டிருக்கிறோம். உள்ளங்கை அகலத்தில், பால்வெள்ளை ஓடும் பச்சைக் கண்ணாடித் துண்டுகளை இந்தப் பக்கம் யாராவது விற்கக் கண்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். கேட்கிற விலையைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.