நாலு எழுத்தும் கிடைத்தால்தான் சேமிப்பு: டொங்கி கோங் லாண்டோடு பழகிய அனுபவம்

கேம் போய் என்ற கைச் சாதனத்தில் விளையாடுகிற டொங்கி கோங் லாண்டில் ஒரு கட்டத்தை முடித்தால் மட்டும் போதாது. கட்டத்துக்குள் கே, ஓ, என், ஜீ என்று நாலு எழுத்துகள் அங்கங்கே மிதந்துகொண்டிருக்கும். நாலையும் எடுத்துக்கொண்டு, உயிரோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தால்தான் சேமிக்க விடும். மூன்றோடு போனால் விடாது. கட்டம் முடிந்தது முடிந்ததுதான், ஆனால் அது எங்கேயும் பதிவாகாது. அடுத்த கட்டத்தில் உயிர்கள் தீர்ந்தாலோ, சாதனத்தின் பற்றரி இறங்கினாலோ, கடைசியாக எப்போது சேமித்தோமோ அங்கிருந்துதான் திரும்பவும் தொடங்க வேண்டும். இந்த விளையாட்டோடு எனக்குள்ள சண்டை முழுவதும் இந்த ஒரு விதியால் வந்தது.

இப்போது இதை எழுதக் காரணம் இரண்டு. விளையாட்டு அடங்கிய கசெட்டின் உள்ளே இருக்கும் பற்றரி செத்துப்போய், டவுனில் ஒரு கடையில் கொடுத்துத் திருத்தி எடுத்தேன். அதே நாட்களில் மட்டக்களப்பில் இருந்து ஒரு நண்பர், “மச்சான், மஞ்சள் கசெட் ஒண்டு விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமோ?” என்று இதே விளையாட்டைப் பற்றிக் கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்கள் குறைவு, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994 இல், ரிவியில் பூட்டி விளையாடும் சூப்பர் நின்ரெண்டோ சாதனத்துக்கு டொங்கி கோங் கன்ட்ரி வந்தது. கணினியில் முப்பரிமாணமாக வரைந்த உருவங்களைப் படமாக்கிப் போட்டதால் அப்போது உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. அடுத்த வருடமே, அதைச் செய்த இங்கிலாந்தின் ரெயர் நிறுவனம் அதே குரங்குகளைக் கேம் போய்க்குக் கொண்டுவந்தது. கதையும் அதைப் பற்றியதுதான். கிழவர் கிராங்கி கோங், “படமும் பாட்டும் நல்லா இருந்ததாலதான் உங்களைச் சனம் ரசிச்சது, எட்டு பிட் சாதனத்தில செய்து காட்டுங்கோ பார்ப்பம்” என்று டொங்கி, டிடி என்ற இரண்டு குரங்குகளுக்கும் சவால் விடுகிறார்.

அந்தச் சூப்பர் நின்ரெண்டோ விளையாட்டிலும் இதே நாலு எழுத்துகள் இருந்தன. அங்கே நாலும் சேர்ந்தால் ஓர் உயிர் கூடும், அவ்வளவுதான். விட்டாலும் நட்டம் பெரிதில்லை. சேமிப்பதற்குத் தனியாக ஓர் இடம் இருந்தது. வீட்டில் ரிவிக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடுகிற சாதனத்தில் இவ்வளவு தாராளம். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிற, பஸ் வந்தால் நிறுத்த வேண்டிய சாதனத்தில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? கடையில் காசு கட்டிய பிறகும், வாசலில் நின்று ஒரு விடுகதைக்குப் பதில் சொன்னால்தான் பையைத் தருவேன் என்பது மாதிரி இருக்கிறது. எத்தனை வருடம் கழித்தும் இதற்கு ஒரு நியாயமான காரணம் எனக்குத் தென்படவில்லை.

கையில் வைத்து விளையாடுகிறவனுடைய நேரம் அவனுடைய கையில் இல்லை. திருகோணமலையில் இருந்து மூதூருக்குப் படகில் போகும் நாட்களில் இதை எடுத்துப் போவேன். நாலாவது எழுத்தைத் தேடி ஒரு பீப்பாய்க்குள் இருந்து இன்னொரு பீப்பாய்க்குப் பாய்ந்துகொண்டிருக்கும்போது இறங்குதுறை வந்துவிடும். அணைக்கவும் முடியாது, அணைக்காமல் நடக்கவும் முடியாது. சாதனத்தை அணைக்காமலே பைக்குள் போட்டால் நாலு பென்டோர்ச் பற்றரியும் கரைந்துகொண்டே இருக்கும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு என்று அறிவித்த காலத்தில், கரண்ட் தேவைப்படாத விளையாட்டு என்று இதைத்தான் முதலில் தூக்கினேன். ஆனால் அந்த நேரம் பென்டோர்ச் பற்றரி வாங்குவதே யோசித்துச் செய்ய வேண்டிய செலவாக இருந்தது. சிவப்பு விளக்கு மங்கத் தொடங்கும்போது இன்னும் ஓர் எழுத்து மிச்சம் இருந்தால் வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, இந்த விதியால் ஒரு நன்மையும் இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். எழுத்துக்காக அலைந்ததால்தான் கட்டங்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தெரிய வந்தது. ஒன்றிரண்டு எழுத்து வழியிலேயே இருக்கும். மற்றவை கயிற்றின் உச்சியில், ஒரு கிடங்குக்கு மேலே, எதிரியின் முதுகில் மிதித்துத் துள்ளினால் மட்டும் எட்டுகிற உயரத்தில் இருக்கும். ஓடிக் கடக்கிறவர்களுக்கு இவை ஒன்றும் கண்ணில் படாது. பெரிய விளையாட்டின் கட்டங்களைச் சுருக்கிப் போட்டுக் காசு பார்க்கவில்லை இவர்கள். எல்லாக் கட்டமும் புதிது. பாய்மரக் கப்பல், கடலுக்கடியில் இடிபாடுகள், மேகங்களுக்கு மேலே ஓர் உலகம், கடைசியில் வானளாவிய கட்டடங்கள் உள்ள பெரிய நகரம் என்று போகிறது. தண்ணீருக்கடியில் ஒரு பெரிய நத்தைச்சிப்பி துரத்துகிற கட்டம் ஒன்று உண்டு. அது பின்னால் வரும்போது எழுத்தை எடுக்கத் திரும்புவதா, உயிரைக் காப்பாற்ற முன்னே நீந்துவதா என்று தீர்மானிக்கிற அந்தக் கணம் உண்மையிலேயே அருமை. அந்த இடத்தில் விதி பொருந்துகிறது. அந்தப் பதற்றம் எழுத்து இல்லாமல் வராது.

ஆனால் ஒரு கட்டத்தில் பொருந்துகிறது என்பதற்காக எல்லாக் கட்டத்திலும் அதைப் பொறுக்க வேண்டுமா?

இதோடு சேர்ந்த இன்னொரு பிரச்சினை, கண்ணுக்குத் தெரிவது. கேம் போயின் திரை 160 க்கு 144 புள்ளிகள், நாலே நாலு சாயல். முப்பரிமாண உருவங்களை அதற்குள் அடக்கியதில் குரங்கு பெரிதாகிவிட்டது, சுற்றியிருக்கும் இடம் சிறிதாகிவிட்டது. பின்னணியையும் வெறுமையாக விடாமல் இலை, மரப்பலகை, கட்டடம் என்று நிரப்பியிருக்கிறார்கள். ஓடும்போது எல்லாம் ஒன்றாகக் கலங்கும். முதலை நிற்கிறது என்று தெரியும்போது அது ஏற்கனவே காலடியில் இருக்கும். கீழே தரை இருக்கிறதா, கிடங்கா என்று பார்க்கத் திரை இறங்காது, நம்பித்தான் குதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு குரங்குதான் திரையில் நிற்கும். மற்றது கூட இருக்கிறதா என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட திரையில், சின்னதாக மிதக்கும் எழுத்தைக் கண்டுபிடித்தால்தான் சேமிப்பு என்கிறார்கள்!

திரைக்குப் பின்னால் விளக்கு இல்லாததால் இங்கே வெயில்தான் துணை. உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் படம் அச்சடித்த மாதிரித் தெளிவாகத் தெரியும். மத்தியானம் கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் சாதனம் சூடேறித் திரையே கருமை தட்டும். அப்போது இடதுபக்கம் உள்ள சில்லைத் திருப்பிச் சாயலைக் குறைக்க வேண்டும். பின்னேரம் அதையே கூட்ட வேண்டும். மாலை ஐந்தரைக்குப் பிறகு முயற்சி செய்வது வீண்.

இசையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டேவிட் வைஸும் கிரேம் நோர்கேட்டும் செய்தது. நாலு ஒலித்தடத்துக்குள் காட்டையும் கடலையும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் சின்ன ஸ்பீக்கரில் தொலைந்துபோகும் அடிநாதம் முழுவதும் கேட்கும். உருண்டு போய் விளிம்பைத் தாண்டி, காற்றில் இருக்கும்போதே துள்ளுகிற அந்தப் பாய்ச்சலும் பெரிய விளையாட்டில் இருந்தது போலவே கைக்கு வருகிறது. விரல் பழகிய பிறகு இதற்காகவே ஒரு கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடலாம். காண்டாமிருகம் ரம்பி மீது ஏறி எதிரே வருவதையெல்லாம் முட்டித் தள்ளும்போது வருகிற சந்தோசம் எனக்கு இன்னும் குறையவில்லை.

இனித் திருத்த வேலை. சேமித்தது தங்கியிருக்கக் கசெட்டுக்குள் ஒரு பொத்தான் பற்றரி இருக்கிறது. அது பல வருடம் உழைக்கும், பிறகு ஒரு நாள் ஓய்ந்துவிடும். என்னுடையதில் மாலையில் சேமித்தது காலையில் இருக்கவில்லை. நாலு எழுத்தும் பொறுக்கிச் சேமித்த பிறகு அப்படி நடந்தால் எப்படி இருக்கும்! கடைக்காரத் தம்பி கவனமாக வேலை செய்தார். பழையதைக் கழற்றி, தகடு ஒட்டி வருகிற புதிய பற்றரியை ஈயம் வைத்துப் பற்றினார். ரேப் சுற்றி ஒட்டுகிற வேலையை யாரும் செய்ய விடாதீர்கள், இரண்டு நாளில் விலகும். மாற்றும்போது பழைய பதிவு போய்விடும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்றில் கசெட்டின் உலோக முனைகள் மங்கும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் பட்டு இன்னும் கெடும். ஐசோபிரொபைல் அல்ககோலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

கசெட்தான் வேண்டும் என்று இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நின்ரெண்டோவின் 3டிஎஸ் சாதனத்தின் இணையக் கடையில் இது கிடைத்தது, அந்தக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. நின்ரெண்டோவின் ஸ்விட்ச் சாதனத்தில் சந்தா கட்டுகிறவர்களுக்கு 2024 இல் சேர்த்தார்கள். அங்கே எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்லுவேன். 1996 இலும் 1997 இலும் வந்த அடுத்த இரண்டு பாகங்களிலும் இந்த எழுத்து விதி இல்லை. செய்தவர்களுக்கே அது சரிவரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நண்பருக்கு என் பதில்: எடுக்க வேண்டாம். இசை நல்லது, கட்டங்கள் நல்லவை, பாய்ச்சல் அருமை, அவ்வளவையும் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன். நேற்றும் மேகங்களின் உலகத்தில் மூன்று எழுத்தோடு கட்டத்தை முடித்தேன், அடுத்ததில் கடைசி உயிரும் போய்விட்டது. வேலைக்குப் போய் வந்து அரைமணி நேரம் கிடைக்கிற மனிதனிடம் இப்படி நடந்துகொள்கிற விளையாட்டை நான் இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். என்னுடையதை விற்கவும் மாட்டேன்.

அதையும் மீறி எடுப்பதென்றால், விற்கிறவரின் முன்னாலேயே முதல் கட்டத்தை விளையாடிப் பாருங்கள். நாலு எழுத்தையும் எடுத்துச் சேமித்து, அணைத்து, கசெட்டைக் கழற்றி வெளியே வையுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு திரும்பப் போடுங்கள். சேமித்தது இல்லையென்றால் பற்றரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.