ஸ்கூபா ரெகுலேட்டருக்கு நாகர்கோவில் லேத்தில் கடைந்த உதிரி பாகம்: 4 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2021 நவம்பரில் கடியப்பட்டணம் கரையில் வள்ளம் தள்ளுவதற்கு முன்னால்தான் அந்த விரிசலைப் பார்த்தேன். கடலுக்கடியில் மூச்சு விட உதவும் ரெகுலேட்டரில், வாயில் கடித்துக்கொள்ளும் பகுதியான செகண்ட் ஸ்டேஜின் முன்மூடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வளையம், மரையை ஒட்டி ஒரு விரற்கடை நீளத்துக்குப் பிளந்திருந்தது. அன்று நான் முங்கவில்லை. ரெகுலேட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த மாடலின் தயாரிப்பே நின்றுபோயிருந்தது. விற்பனையாளரிடம் கேட்டால், வளையம் தனியாகக் கிடையாது, செகண்ட் ஸ்டேஜையே புதிதாக வாங்குங்கள் என்றார். உள்ளே இருந்த பித்தளை உறுப்புகள் எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன. ஒரு வளையத்துக்காக அவற்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

நானே செய்து பார்க்கலாம் என்று துணிந்ததற்குக் காரணம், வளையம் இருக்கும் இடம். நிறைந்த சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும். சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள நீரழுத்தத்துக்கு மேல் 9 அல்லது 10 பார் என்ற அளவுக்குக் குறைத்துக் குழாய்க்குள் விடுகிறது. செகண்ட் ஸ்டேஜ் அதை நீரழுத்தத்துக்கே இறக்கி வாய்க்குத் தருகிறது. மூச்சை இழுத்தால் டயஃப்ரம் என்ற வளையும் மெல்லிய தகடு உள்வாங்கி லீவரை அழுத்தும், காற்று வரும். அந்த டயஃப்ரத்தின் விளிம்பை அமுக்கிப் பிடிப்பதுதான் வளையத்தின் வேலை. அழுத்தச் சுமை அதன்மேல் அநேகமாக இல்லை. ஆனால் பிடி தளர்ந்தால் காற்றோடு தண்ணீரும் வாய்க்குள் வரும். 20 மீட்டர் ஆழத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

நாகர்கோவிலில் நான் போன பட்டறை அண்ணாச்சி, வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எதுல உள்ளதாக்கும் தம்பி?” என்றார். கடலுக்கடியில் மூச்சு விடுகிற சாமான் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “செஞ்சு தாறேன். சரியில்லைன்னா எறிஞ்சிரணும். ஒட்டுப்போட்டு மாட்டப்பிடாது, கேட்டியா?” என்றார்.

முதல் வளையம் நைலான் கம்பியில் கடைந்தது. கரையில் வழுக்கிக்கொண்டு ஓடிய மரை, இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்ததும் இறுகிப் போய்க் கழற்றவே வரவில்லை. நைலான் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். அடுத்து டெல்ரின் என்ற அசிட்டால் பிளாஸ்டிக் எடுத்தோம். அது மிகக் குறைவாகத்தான் தண்ணீர் உறிஞ்சும். லேத்தில் சுருள் சுருளாகச் சீவி வரும், பிசிறு குறைவு. கறுப்பு நிறமாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை டெல்ரின் தொடர்ந்து வெயில் பட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகிவிடும். அளவெடுப்பதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த வளையத்தை வெர்னியரில் அளந்து கொடுத்தேன். பிளந்த வளையம் விரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. செகண்ட் ஸ்டேஜின் உடலில் உள்ள மரையை அளந்து, மரைகளின் இடைவெளியைக் காட்டும் பிட்ச் கேஜையும் வைத்துப் பார்த்த பிறகுதான் சரியாக உட்கார்ந்தது. கம்பியும் கூலியும் சேர்த்து 350 ரூபாய் ஆயிற்று.

மாட்டியதும் கடலுக்கு எடுத்துப் போகவில்லை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் தூசிமூடியை இறுக்கிவிட்டு, சிலிண்டர் இல்லாமலே மவுத்பீஸில் வாய் வைத்து இழுத்தேன். துளிக் காற்றும் வரக்கூடாது. வந்தால் டயஃப்ரத்திலோ, விடும் மூச்சை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்விலோ, செகண்ட் ஸ்டேஜின் உடலிலோ கசிவு என்று பொருள். பிறகு சிலிண்டரை மாட்டி, மவுத்பீஸ் மேலே பார்க்க ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்கினேன். காற்று சீறத் தொடங்கும்போது டயஃப்ரம் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ, அதுதான் மூச்சை இழுக்கத் தேவைப்படும் விசை. எனக்கு 3 சென்டிமீட்டர் வந்தது. இன்றும் மாதம் ஒருமுறை இந்த இரண்டையும் செய்கிறேன்.

நம் கடலில் தண்ணீரைவிட மணல்தான் எதிரி. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். அலைவாய்க்கரையில் ரெகுலேட்டரைக் கீழே வைத்தால், ஒரு மணல்மணி எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் உட்கார்ந்தாலே போதும், ஒவ்வொரு மூச்சுக்கும் உப்புத்தண்ணீர் ருசி பார்க்கலாம். டெல்ரின் மரையிலும் இதே மணல்தான் கோடு போட்டிருக்கிறது.

அந்த எக்ஸாஸ்ட் வால்வைத்தான் இரண்டாவதாகச் செய்ய முயன்றேன். குலசேகரத்தில் வீட்டைச் சுற்றி ரப்பர் மரம் நிற்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஒரு ரப்பர் துண்டுக்காக வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருப்பதா என்ற ரோஷம். இயற்கை ரப்பர் தகட்டில் வெட்டியது மூன்று மாதம் நன்றாக இருந்தது. பிறகு விளிம்பு சுருண்டது, நுண்ணிய வெடிப்புகள் வந்தன. வெயிலும் ஓசோனும் இயற்கை ரப்பரைத் தின்றுவிடும். சிலிக்கான் தகட்டில் வெட்டியது வெயிலைத் தாங்கியது; ஆனால் அச்சில் வார்த்த வால்வின் விளிம்பு போகப் போக மெலியும், தகட்டில் வெட்டியதற்கு அந்த மெலிவு வராது, அதனால் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. இரண்டையும் எறிந்துவிட்டேன். இப்போது அச்சில் வார்த்ததையே வாங்குகிறேன், தாமதமானாலும்.

குமிழியை முகத்திலிருந்து விலக்கிவிடும் ‘எக்ஸாஸ்ட் டீ’ என்ற உறுப்பை 3டி பிரிண்டரில் எடுத்தேன். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும். பங்குனி வெயிலில் காருக்குள் கிடந்தே கோணிவிட்டது. ரப்பர்போல் வளையும் டி.பி.யு.வில் எடுத்தது இரண்டு ஆண்டாக உழைக்கிறது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் உயரழுத்தக் காற்றை அடைக்கும் சீட்டை மட்டும் நான் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள். 2023-இல் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குழாய்க்குள் விடும் அழுத்தத்தைக் காட்டும் ஐ.பி. கேஜின் முள் 9.5 பாரில் நிற்காமல் 11 வரை மெல்ல ஏறியது. சீட் கசிந்தால் அப்படித்தான் ஏறும். ஏறினால் செகண்ட் ஸ்டேஜ் தானாகவே காற்றைக் கொட்டத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும் அதற்கு. சிலிண்டர் நிரப்பக் கேரளத்துக் கோவளம் போகும்போது சர்வீஸுக்குக் கொடுத்து, தயாரிப்பு நிறுவனத்தின் உதிரிபாகக் கிட்டையே போட்டு வாங்கினேன். யோக் வகைச் சிலிண்டர் வால்வில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பொருந்தும் வாயின் ஓ-ரிங் மட்டும் இங்கே ஹைட்ராலிக் கடையில் கிடைக்கும்: உள்விட்டம் 12.42 மி.மீ., தடிமன் 1.78 மி.மீ. கடினம் (ஷோர் ஏ) 70-ஐ விட 90 கேளுங்கள்.

இந்த ஆடிக்கு முன் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவினேன். டெல்ரின் வளையத்தின் முதல் மரை மணலில் தேய்ந்திருக்கிறது, மற்றவை உறுதியாகப் பிடிக்கின்றன. புதிதாக ஒன்று கடையக் கொடுத்திருக்கிறேன். அளவை எழுதிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதியது அப்படியே இருக்கிறது.