ஹீரோகிளிக்ஸ் தொடங்குகிறீர்களா? முதலில் மொத்த லாட் வாங்காதீர்கள்

நெல்லை, தென்காசிப் பக்கம் இருந்து ஹீரோகிளிக்ஸ் விளையாடத் தொடங்க நினைக்கிறவர்கள், யாருக்கும் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மே மாதம் 12,000 ரூபாய் கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். அதில் 2,000 ரூபாய் என் அக்கா மகனுடையது. சித்திரை விசுவுக்குப் பெரியவர்கள் கொடுத்த கைநீட்டத்தை இரண்டு வருஷமாகச் செலவழிக்காமல் வைத்திருந்தான். எட்டாம் வகுப்புப் பையன். அந்தக் காசும் சேர்ந்து போனதால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விரல் உயரத்தில் வண்ணம் பூசிய பொம்மை. மார்வெல், டிசி காமிக்ஸ் கதாபாத்திரங்கள். பொம்மை நிற்கிற வட்டமான பேஸுக்குள் ஒரு டயல் சுழலும். பேஸில் உள்ள சின்னத் திறப்பில் வேகம், தாக்குதல், தற்காப்பு, சேதம் என்று நாலு எண்கள் தெரியும். தாக்கும்போது இரண்டு பகடை உருட்டி, விழுந்த தொகையோடு தாக்குதல் எண்ணைக் கூட்ட வேண்டும். எதிராளியின் தற்காப்பு எண்ணை எட்டிவிட்டால் அடி விழுந்தது என்று அர்த்தம். அடிபட்ட பொம்மையின் டயலை, எத்தனை சேதமோ அத்தனை கிளிக் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப எண்கள் மாறும். 'கேஓ' என்று வந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே. தாளும் பென்சிலும் தேவையில்லை, பொம்மையே தன் கணக்கை வைத்துக்கொள்ளும். எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அதுதான். ஆனால் டயல் திரும்பாவிட்டால் அந்தப் பொம்மை அலமாரியில் வைக்க மட்டும்தான் ஆகும்.

அக்கா வீடு அம்பாசமுத்திரம். மரச்சொப்புக்குப் பேர் போன ஊர். சின்ன வயதில் அங்கே சொப்பு வாங்கப் போனால் அம்மா ஒவ்வொரு குடத்தின் மூடியையும் திருகிப் பார்ப்பாள். இறுக்கமாக இருந்தால் வேறு எடு என்பாள். ஹீரோகிளிக்ஸை அப்படி கையில் எடுத்துத் திருகிப் பார்த்து வாங்க நமக்குப் பக்கத்தில் கடை இல்லை. போட்டோவை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஏமாற்றுகிறவர்களுக்கு இது மிகவும் வசதி.

விற்றவர் வெளியூரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்கிறவர். பேர் சொல்லப் போவதில்லை. முதல் அழைப்பிலேயே "எனக்கும் பூர்வீகம் நம்ம பக்கம்தான் அண்ணாச்சி" என்றார். ஊர்க்காரர் என்றதும் எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. புதிதாகத் தொடங்குகிறோம், முதலில் ஸ்டார்ட்டர் செட் ஒன்று போதும் என்று சொன்னேன். "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணாச்சி. ஆறு பொம்மையை வச்சு என்ன செய்வீங்க?" என்று அதை அப்படியே ஒதுக்கிவிட்டார். அதற்குப் பதில் சீல் உடையாத பிரிக் ஒன்று, அதாவது பத்து பூஸ்டர். பூஸ்டர் என்பது உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியாமல் வாங்குகிற சின்னப் பெட்டி, ஒன்றுக்கு ஐந்து பொம்மை. கூடவே 'ஒன்றுகூட இரட்டை வராத' 100 பொம்மை லாட், அதாவது பழைய பொம்மைகள் மொத்தமாக. 13,500 சொன்னார், 12,000க்கு முடித்தோம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றபோது அவர் சொன்னது இதுதான்: "கம்பெனியை மூடியாச்சு. இருக்கிற சரக்கு தீர்ந்தா விலை எங்கேயோ போயிடும்." இதில் பாதி உண்மை இருந்ததால்தான் நான் விழுந்தேன். விஸ்கிட்ஸ் நிறுவனம் ஹீரோகிளிக்ஸை 2002இல் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே டாப்ஸ் நிறுவனம் விஸ்கிட்ஸை வாங்கியது. 2008 நவம்பரில் டாப்ஸ் அதை மூடியதும் நிஜம். ஆனால் 2009இல் நெகா நிறுவனம் அதை வாங்கி மறுபடி நடத்தத் தொடங்கிவிட்டது, அதன் பிறகு வரிசை வரிசையாகப் புதிய பொம்மைகள் வந்திருக்கின்றன. பழைய செய்தியின் முதல் பாதியை மட்டும் தேடிப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். பணம் முழுவதையும் யுபிஐயில் அனுப்பினேன்.

பத்தாம் நாள் பார்சல் வந்தது. வண்ணார்பேட்டையில் கூரியர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு நேரே அம்பாசமுத்திரம் போனேன். மருமகன் நடையிலேயே பாயை விரித்து உட்கார்ந்திருந்தான். முதல் பூஸ்டரைக் கையில் எடுத்தவன் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இந்த மடிப்பு மட்டும் வேற மாதிரி இருக்கு" என்றான். நானும் வாங்கிப் பார்த்தேன். மேல் மடிப்பில் பசை கெட்டியான பொட்டுகளாக இருந்தது. கீழ் மடிப்பில் வெள்ளைப் பசையை விரலால் தேய்த்தது போல ஓரம் வரை பரவிக் காய்ந்திருந்தது. அட்டையின் மேல்தோல் ஓரிடத்தில் உரிந்து, மறுபடி ஒட்டியிருந்தது. பத்துப் பெட்டியிலும் கீழ் மடிப்பு இப்படித்தான். அப்போதே நிறுத்திவிட்டு வீடியோ எடுத்திருக்க வேண்டும். பையன் ஆசையாக உட்கார்ந்திருக்கிறான், எப்படி நிறுத்த? பிரித்துவிட்டோம்.

ஐம்பது பொம்மையிலும் சூப்பர் ரேர் ஒன்றுகூட இல்லை. பேர்கூட இல்லாத அடியாள் பொம்மை ஒன்று மட்டும் ஏழு தடவை வந்தது. ஹீரோகிளிக்ஸில் ஒவ்வொரு பேஸிலும் வரிசை எண் இருக்கும். பெரும்பாலான வரிசைகளில் காமன் சின்ன எண்ணில் தொடங்கும், அப்புறம் அன்காமன், ரேர், சூப்பர் ரேர், கடைசியில் சேஸ். எண் கூடக் கூட கிடைப்பது அரிது. எங்களுக்கு வந்ததை எண்படி அடுக்கினால் மேல் பாதி மொத்தமும் காலி. பெட்டியைத் திறந்து நல்லதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

லாட் இதைவிட மோசம். நூறில் முப்பத்தொன்று ஹீரோகிளிக்ஸே இல்லை. அதே கம்பெனி 2000இல் விட்ட மேஜ் நைட் பொம்மைகள். அதிலும் சுழலும் டயல் உண்டு. போட்டோவில் மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அது வேறு விளையாட்டு. கட்டம் போட்ட மேப் இல்லாமல் தூரத்தை அளந்து நகர்த்தி ஆடுவது. இரண்டையும் சேர்த்து ஆட முடியாது. மீதி அறுபத்தொன்பதில் பெரும்பகுதி 2002க்குப் பிறகு வந்த ஆரம்ப வரிசைகள். அந்தக் காலத்தில் ஒரே உருவம் மூன்று நிலைகளில் வரும்: பேஸில் மஞ்சள் வளையம் ரூக்கி, நீலம் எக்ஸ்பீரியன்ஸ்ட், சிவப்பு வெட்டரன். பொம்மை ஒன்றேதான், எண்கள்தான் வேறு. 'இரட்டை வராது' என்று அவர் சொன்னது இப்படித்தான் மெய்யானது. ஒரே பொம்மை மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று.

அப்புறம் டயல். பதினொன்று திரும்பவே இல்லை. "மாமா, இது அசையவே மாட்டேங்கு" என்று ஒவ்வொன்றாக ஓரம் வைத்தான். டவுனில் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சியிடம் இரண்டைக் கொண்டு போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பேஸின் விளிம்பில் மெல்லிய கத்தியை விட்டு நெம்பினார். உள்ளே டயல் ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. உடனடிப் பசை. பொம்மையின் கால் உடைந்ததை பேஸில் ஒட்டியபோது உள்ளே இறங்கி டயலைப் பிடித்திருக்கிறது. "இது தானா உடைஞ்சது இல்ல தம்பி. காலைப் பாருங்க, வெட்டு நேரா இருக்கு. வேற தட்டுல நின்னதைக் கொண்டு வந்து இதுல ஒட்டியிருக்கான்" என்றார். வீட்டுக்கு வந்து எல்லா பேஸிலும் உள்ள பேரைப் படித்தோம். மூன்று பேஸில் பேர் ஒன்று, மேலே நிற்கிற பொம்மை வேறு. அதில் ஒன்று பையன் கேட்டுக்கொண்டே இருந்த ஸ்பைடர்மேன்.

விற்றவரைக் கூப்பிட்டால், "பிரிச்ச பொருளுக்கு நான் பொறுப்பில்லை. பூஸ்டர்னாலே அதிர்ஷ்டம்தானே அண்ணாச்சி" என்றார். அன்று சாயங்காலமே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அந்த 'அதிர்ஷ்டம்' என்கிற சொல்லைக் கவனியுங்கள். பூஸ்டரில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் முறை. அதனால் உள்ளே கை வைத்தவன் மாட்டுவது கஷ்டம், கெட்டது வந்தால் உன் ராசி என்று சொல்லிவிடலாம். அதோடு, எது நல்லது எது சாதாரணம் என்று புதிதாக வருகிறவனுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே என் கருத்தில், பழகாதவர் முதலில் தொடவே கூடாத பொருள் பூஸ்டர். லாட் அடுத்தது.

முதலில் ஸ்டார்ட்டர் செட்தான் வாங்க வேண்டும். அதில் என்னென்ன பொம்மை என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். விதிப் புத்தகம், மேப், பகடை எல்லாம் சேர்ந்தே வரும். சக்திகளை விளக்கும் அட்டையும் இருக்கும், அது இல்லாமல் எண்களுக்குப் பின்னால் உள்ள நிறங்களுக்கு அர்த்தமே புரியாது. எனக்கு வந்த லாட்டில் இது எதுவுமே இல்லை, 150 பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் ஆட முடியவில்லை. ஆறு பொம்மையில் இரண்டு பேர் தாராளமாக ஆடலாம். அதையும் வாங்கும் முன், விதிப் புத்தகத்தைக் கம்பெனியின் தளத்தில் இலவசமாகவே எடுத்துப் படிக்கலாம். ஐந்தாறு ஆட்டம் ஆடினால் உங்களுக்கு என்ன பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஃபாஸ்ட் ஃபோர்சஸ் பெட்டி வாங்கலாம், அதிலும் ஆறு பொம்மை, எல்லாம் முன்னமே தெரிந்தவை. வேண்டிய பொம்மையைத் தனியாக ஒவ்வொன்றாகவும் வாங்கலாம். பூஸ்டர் ஆசை வந்தால் அதற்கு அப்புறம், அதுவும் பில் கொடுக்கிற கடையில்.

பழைய பொம்மை வாங்கியே ஆக வேண்டுமென்றால், பேஸின் வரிசை எண்ணும் பேரும் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் போட்டோ கேளுங்கள். டயலைச் சுற்றிக் காட்டும் வீடியோ கேளுங்கள். 'நூறு பொம்மைக்கும் எப்படி எடுக்க' என்று சலித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். இது வெளிநாட்டிலிருந்து வருகிற பொருள், சுங்க வரியும் அனுப்பும் செலவும் விலையில் சேரும். பாதி விலைக்கு சீல் உடையாத பிரிக் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பார்சல் வந்தால் கவரில் கத்தி வைப்பதற்கு முன்பே போனில் வீடியோ தொடங்கிவிடுங்கள். கவரையும் எறியாதீர்கள். எனக்குப் பிற்பாடு உதவியது அந்தக் கவர்தான். அனுப்பியவர் முகவரி அதில் இருந்தது, யுபிஐயில் வந்த பேர் வேறாக இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன், பதில் வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பொருளே வராமல் பணம் மட்டும் போயிருந்தால் வேறு வழி: தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

பையன் விளையாட்டை விடவில்லை. கணக்கெடுத்ததில் லாட்டில் ஐம்பத்தைந்து பொம்மை நல்ல நிலையில் தேறியது. ஸ்டார்ட்டர் செட் ஒன்றை பில்லோடு ஒரு கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். அதன் மேப் போதாது என்று இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டி, ஒன்றரை அங்குலக் கட்டமாக பதினாறுக்கு இருபத்துநாலு அவனே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். நடுவில் நீலத்தில் ஆறு, ஒரு பக்கம் படித்துறை, இன்னொரு பக்கம் கல்மண்டபம். தண்ணீர்க் கட்டத்தில் இறங்கினால் அந்த முறை அங்கேயே நிற்க வேண்டும் என்பது விதி. படித்துறை வழியாக ஏற வேண்டும் என்பது அவன் சேர்த்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் உள்ள புள்ளியைக் கூட்டி ஆளுக்கு 300 புள்ளிக்கு அணி சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறோம்.

யாருக்காவது இப்போது இப்படி ஒரு லாட் பேச்சுவார்த்தையில் இருந்தால், பணம் அனுப்பும் முன் பேஸ்களின் போட்டோவை எனக்கு அனுப்புங்கள். எது மேஜ் நைட், எது வளையம் மாறிய ஒரே பொம்மை என்று பார்த்துச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்றால் எனக்கு வசதி.