‘கேஸ் ஹாபிஸ்’: என் பழைய ஆர்410ஏ ஏர்கோனைப் பற்றி

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் தம்பி போன வாரம் போன் போட்டான். வீட்டு ஏர்கோன் குளிரவில்லையாம். பார்க்க வந்த ஆள், "இந்த கேஸை அரசாங்கம் தடை பண்ணியாச்சு, புதுசு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "அக்கா, உன் வீட்லயும் அதே கேஸ்தானே, நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

எங்களுடையது பினாங்கு ஜெலுத்தோங்கில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு. படுக்கையறையில் 1.5 எச்பி, இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண மெஷின். அதற்கு முன்னால் இருந்த, ஆர்22 என்ற கேஸில் ஓடிய மெஷின் செத்துப்போனபோது வாங்கியது. இதில் ஓடுவது ஆர்410ஏ, ஓசோனைக் கெடுக்காத கேஸ், இனிமேல் எல்லாம் இதுதான் என்று கடையில் சொன்னார்கள். அதில் முதல் பாதி உண்மை. ஓசோனைக் கெடுக்கும் குளோரின் ஆர்22இல் உண்டு, இதில் இல்லை. இரண்டாவது பாதியின் ஆயுள் கொஞ்ச காலம்தான். இப்போது கடைக்குப் போனால் வரிசையாக ஆர்32 என்ற அடுத்த கேஸ் மெஷின்கள்தான் நிற்கின்றன, ஆர்410ஏ என்றால் "ஓ, பழசா" என்கிறார்கள்.

மெஷினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காலை வெயில் நேராக அடிக்கிற அறை அது. மார்ச் மாத வெக்கையிலும் கதவைச் சாத்திக் கொஞ்ச நேரத்தில் போர்வை தேட வைத்துவிடும். கம்ப்ரசரை இதுவரை யாரும் தொட்டதில்லை. உப்புக் காற்றில் வெளி யூனிட்டின் தகடு துருப்பிடித்து உதிர்கிறது, ஆனாலும் ஓடுகிறது.

என் எரிச்சல் எல்லாம் கேஸ் விஷயத்தில்தான். வருஷம் தவறாமல் ஒரு கட்டத்தில் காற்று மட்டும் வரும், குளிர் வராது. வெளி யூனிட்டின் மெல்லிய பைப்பில் வெள்ளையாக ஐஸ் கட்டியிருக்கும். சர்வீஸ் ஆள் வருவார், மீட்டரை மாட்டுவார். "ஆன்ட்டி, கேஸ் ஹாபிஸ் லா." மலாயில் ‘ஹாபிஸ்’ என்றால் தீர்ந்துவிட்டது. இளஞ்சிவப்பு சிலிண்டரைத் திறந்து ஏற்றிவிட்டு 150 மலேசிய வெள்ளி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏன் தீர்ந்தது என்று கேட்டால், பழைய மெஷின், அப்படித்தான் என்பார்.

அப்படித்தான் ஒன்றும் இல்லை. ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, சுற்றிக்கொண்டே இருக்கும். குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். இதை யாரும் தேடவில்லை, ஏனென்றால் தேடாமல் இருப்பதில்தான் அடுத்த வருஷ வரும்படி இருக்கிறது.

கடைசியாக வந்தவர் வேறு மாதிரி. வெளி யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பைப் சேரும் நட்டைக் காட்டினார். அதைச் சுற்றி மட்டும் கறுப்பாக, பிசுபிசுப்பாக அழுக்கு அப்பியிருந்தது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் கசியும், அதில் தூசு ஒட்டும் என்றார். சோப்பு நுரை தடவியதும் நட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழி கிளம்பி, பெருத்து, உடைந்து, மறுபடி கிளம்பியது. பழைய ஆர்22 மெஷினின் காப்பர் பைப்பையும், நட்டுக்குள் பொருந்துவதற்காக விரித்த அதன் வாயையும் அப்படியே வைத்துப் புதியதை மாட்டியிருக்கிறார்கள். ஆர்410ஏ ஓடுவது ஆர்22ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில். விதி மாறியதால் கேஸ் மாறியது, மாட்டியவர் கை மட்டும் மாறவில்லை. அந்த வாயை வெட்டிப் புதிதாக விரித்து, குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி வேக்யூம் போட்டு, மெஷின் தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்குக் கேஸை எடை பார்த்து ஏற்றினார். அதற்கப்புறம் இன்றுவரை அது வாய் திறக்கவில்லை.

சரி, தம்பியிடம் சொன்ன ‘தடை’க்கு வருகிறேன். உன் வீட்டு மெஷினைக் கழற்று என்று எந்த விதியும் சொல்லவில்லை. பூமியைச் சூடாக்கும் இந்த மாதிரி கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தம் என்ற உலக ஒப்பந்தத்தில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2024இலிருந்து உச்சவரம்பு, 2029இல் 10 விழுக்காடு குறைப்பு, 2045க்குள் 80 விழுக்காடு. குறைவது நாடு பயன்படுத்தும் மொத்த அளவு. ஆர்22தான் உண்மையில் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது: 2030க்குப் பிறகு பழுதுபார்க்க மட்டும் கொஞ்சமாகக் கிடைக்கும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கணக்கு வெறும் கிலோவில் இல்லை, பூமியைச் சூடாக்கும் திறனை வைத்து. கரியமில வாயுவை 1 என்று வைத்தால், ஆர்410ஏக்கு அது 2088, ஆர்32க்கு 675. ஒரே ஒதுக்கீட்டில் ஆர்32ஐ மூன்று மடங்கு கொண்டுவரலாம். நெருக்கடி வந்தால் முதலில் விலை ஏறப்போவது நம்ம கேஸ்தான். இதில் வேடிக்கை, ஆர்410ஏயில் பாதி ஆர்32தான். மறுபாதியான ஆர்125, தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்தது. அந்தப் பாதிதான் இன்றைக்குக் குற்றவாளி. அதனால் புது மெஷின்களில் லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ் ஓடுகிறது. அதற்கென்றே செய்த மெஷினில் பிரச்சினை இல்லை. மலிவு என்று நம் பழைய மெஷினில் அதையோ, சமையல் கேஸின் சொந்தக்காரனான புரொப்பேனையோ ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

அதனால் தம்பி, முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல். நுரை தடவாமல் சிலிண்டரைத் திறக்கிறவனுக்குக் காசு கொடுக்காதே. உள் யூனிட்டின் குழாய்ச் சுருளிலேயே (காயில்) ஓட்டை என்றால் மாற்றிவிடலாம், நட்டு என்றால் மாற்றவேண்டிய அவசியமே இல்லை. மாற்றினாலும் பழைய சாமான்காரர் பைப்பை அறுக்கும் முன்னால் கேஸை வெளியே விடாமல் உறிஞ்சி எடுக்கச் சொல். ஒரு கிலோ ஆர்410ஏ காற்றில் போனால் இரண்டு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்றுதானே கேட்டாய்? இத்தனை நல்ல மெஷினை, அடுத்த தடவை யாராவது என் முகத்தைப் பார்த்து "கேஸ் ஹாபிஸ்" என்று சொன்னால், அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டு ஆர்32 வாங்கிவிடுவேன். பைப்பும் புதிதாகத்தான் போடுவேன்.