குற்ற உணர்வா, அவமானமா, வெறும் சங்கடமா?

நண்பர் நம்பிச் சொன்ன ரகசியம், நாலு பேர் இருக்கும் இடத்தில் நம் வாய் தவறி வந்துவிடுகிறது. முகம் சூடாகிறது. நண்பரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அன்று இரவு தூக்கமும் இல்லை. கேட்டால் ‘வெட்கமாகப் போச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் மூன்று உணர்வுகள் இருக்கின்றன. மூன்றும் நம்மை வெவ்வேறு திசையில் தள்ளுவதால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சங்கடம்தான் இருப்பதில் லேசானது. சட்டென்று வரும், சீக்கிரம் போய்விடும், பெரும்பாலும் பிறர் முன்னால்தான் வரும். நாம் நினைக்கும் அளவுக்கு யாரும் நம்மைக் கவனிப்பதும் இல்லை. தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். போதாததற்கு, தவறியதும் நெளிகிறவரை மற்றவர்களுக்குப் பிடிக்கவே செய்கிறது. கடையில் அடுக்கிய பொருட்களைத் தட்டிவிட்டவர் அசடு வழிந்தபோது, ஒன்றுமே நடக்காததுபோல் போனவரைவிட அவர்மேல் பார்ப்பவர்களுக்கு நல்ல எண்ணம் வந்தது என்று 1982-இலேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் சங்கடத்தோடு சண்டை போட வேண்டாம், அதுவாகவே அடங்கிவிடும்.

சிக்கல் மற்ற இரண்டில்தான். 1971-இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் காட்டிய வேறுபாடு எனக்கு இன்றும் மிகத் தெளிவாகப் படுகிறது. ‘நான் இப்படிச் *செய்துவிட்டேனே*’ என்பது குற்ற உணர்வு. ‘*நான்* இப்படிப்பட்டவனா’ என்பது அவமானம். தமிழில் அவமானம் என்றால் இன்னொருவர் நமக்குச் செய்வதையும் குறிக்கும். நான் சொல்வது அதை அல்ல. யாரும் ஒரு வார்த்தை சொல்லாதபோதும், தனியறையில் நம்மையே கூனிக் குறுக வைக்கிறதே, அதை.

ரகசியத்தை உளறியவருக்குக் குற்ற உணர்வு வந்தால் மனம் நண்பரிடம் போகும்: அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும், எப்படி மன்னிப்புக் கேட்பது? அவமானம் வந்தால் மனம் தன்னையே சுற்றும். நண்பரின் அழைப்பை எடுக்க மாட்டார், அவர் வரும் இடத்துக்குப் போக மாட்டார். சில நாளில் ‘இதையெல்லாம் என்னிடம் ஏன் சொன்னான்?’ என்று பழி அவர்மேலேயே திரும்பும். காயப்பட்டவர் நண்பர், கோபமும் அவர்மேலேயே! தாங்க முடியாத வலியை எங்காவது இறக்கி வைக்கும் முயற்சி அது. ஜூன் டாங்னி குழுவினர் சிறைக் கைதிகளிடம் செய்த ஆய்விலும் (2014) இது தெரிந்தது. குற்ற உணர்வு கொள்ளும் இயல்புள்ளவர்கள் வெளியே வந்தபின் மீண்டும் குற்றம் செய்வது குறைவாக இருந்தது. பிறர்மேல் பழி போடுவதோடு சேர்ந்த அவமானமோ அதைக் கூட்டியது. பழி போடாத அவமானம் சிலரைத் தடுத்ததும் உண்டு, அதை மறைக்கக் கூடாது.

ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் தயங்காமல் குற்ற உணர்வின் பக்கம்தான். அதற்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. செய்த செயலைத் திருத்தலாம், ஆளையே எப்படித் திருத்துவது? ஒரே நிபந்தனை: தவறு நிஜமாகவே நம்முடையதாக இருக்க வேண்டும். விபத்தில் தான் மட்டும் பிழைத்ததற்காகக் குமைபவரிடம் திருத்த எதுவும் இல்லை, அந்த உணர்வும் அவரை உள்ளுக்குள் அரித்துவிடும்.

இந்த வேறுபாட்டை நாம் அதிகம் தவறவிடுவது குழந்தைகளிடம். தம்பியை அடித்த பிள்ளையிடம் ‘உனக்கு வெட்கமா இல்லை?’ என்று கேட்டால் அது தலையைக் குனிந்துகொண்டு ஓர் ஓரமாகப் போய் நிற்கும். ‘அவனுக்கு வலிக்குது பார், இப்போ என்ன செய்யலாம்?’ என்று கேட்டால், தம்பியின் கையைத் தடவிவிடவாவது அதற்குத் தோன்றும்.