மேட்ரிக்ஸ் சுவிட்சருக்குச் சீரியல் கட்டளை: எந்தக் கருவி ஒழுங்காகப் பதில் சொல்கிறது?

கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒளி-ஒலி அமைப்பு போடுவதென்றால், மேடைக் கேமராவின் படம் பந்திக் கூடத்து டிவிக்கும் வாசலில் நிற்கும் எல்இடி திரைக்கும் ஒரே பொத்தானில் போய்ச் சேர வேண்டும் என்பதே உரிமையாளர் முதலில் கேட்பது. எந்த உள்ளீட்டையும் எந்த வெளியீட்டுக்கும் இணைக்கக்கூடிய, எட்டு உள்ளீடும் எட்டு வெளியீடும் உள்ள ஒரு மேட்ரிக்ஸ் சுவிட்சரும், ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு வழியாக அதற்குக் கட்டளை அனுப்பும் சிறு கன்ட்ரோலரும் இருந்தால் இது முடிந்துவிடும். எந்தச் சுவிட்சர் என்பதைப் பலர் விலையையும் 4கே வசதியையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். நான் கட்டளை மொழியைப் பார்ப்பேன். அதிலும், நாம் அனுப்புவதைவிடக் கருவி திருப்பிச் சொல்வதை.

எக்ஸ்ட்ரான் நிறுவனச் சுவிட்சர்களின் மொழி மிகவும் சுருக்கமானது. முதல் உள்ளீட்டை மூன்றாம் வெளியீட்டுக்கு அனுப்ப 1*3! என்ற நான்கு குறிகள் போதும், எண்டர்கூடத் தேவையில்லை. ஆச்சரியக்குறிக்குப் பதிலாக % இட்டால் படம் மட்டும் மாறும், $ இட்டால் ஒலி மட்டும் மாறும். நாதஸ்வர மைக்கின் ஒலியை அப்படியே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மாற்ற வேண்டிய மண்டபத்தில் இந்தப் பிரிவினை பெரிய உதவி. முன்கூட்டியே சேமித்த அமைப்பு இரண்டை அழைக்க ‘2.’ என்று அனுப்பினால் எட்டு வெளியீடுகளும் ஒருசேர மாறும். தவறு செய்தால் காரணத்தையும் சொல்லும்: இல்லாத உள்ளீட்டைக் கேட்டால் பிழை 01, இல்லாத வெளியீட்டைக் கேட்டால் பிழை 12. யாராவது முன்பக்கப் பொத்தானை அழுத்திவிட்டால், ‘குயிக்’ என்ற குறிப்பைத் தானாகவே அனுப்பும் மாதிரிகளும் உண்டு.

கிராமர் நிறுவனத்தின் சுவிட்சர்களில் இரண்டு தலைமுறைக் கட்டளை மொழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய புரோட்டோகால் 2000 நான்கு பைட் கொண்ட இருமக் கட்டளை; எழுத்தாக அல்ல, வெறும் எண்களாகப் போவது. முதல் உள்ளீட்டின் படத்தை மூன்றாம் வெளியீட்டுக்கு அனுப்பப் பதினறும எண்களில் 01 81 83 81 என்று அனுப்ப வேண்டும். முதலாவது ‘படத்தை மாற்று’, அடுத்தவை உள்ளீடு, வெளியீடு, இயந்திர எண். இந்தக் கடைசி மூன்றிலும் 128 (பதினறுமத்தில் 80) கூட்டப்பட்டிருப்பதால் 1, 3 என்பவை 81, 83 என்று வருகின்றன. ஏற்றுக்கொண்டால் 41 81 83 81 என்று பதில் வரும். கன்ட்ரோலருக்கு இது சுலபம். ஆனால் இரவு பத்து மணிக்கு லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருப்பவர், சாதாரண டெர்மினல் மென்பொருளில் அதைத் தட்டவும் முடியாது, வந்த பதிலைப் படிக்கவும் முடியாது. புதிய புரோட்டோகால் 3000 இந்தக் குறையைத் தீர்த்தது: #-இல் தொடங்கும் எழுத்துக் கட்டளை, ~-இல் தொடங்கும் பதில், முடிவில் ‘ஓகே’ அல்லது பிழை எண். வெறும் #-உடன் எண்டர் அனுப்பினாலே கருவி உயிரோடிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்டரை மறந்தால் மட்டும் அது மௌனமாகக் காத்திருக்கும். புதியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் சிக்குகிறார்கள்.

பிளாக்மேஜிக் நிறுவனத்தின் வீடியோஹப், தொழில்முறைக் கேமராக்கள் பயன்படுத்தும் எஸ்டிஐ இணைப்பு வகை; அதனுடன் நான் சீரியலில் அல்ல, நெட்வொர்க்கில் 9990 என்ற போர்ட்டில் பேசுவது வழக்கம். அதில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, வெளியீடுதான் முதலில் வரும். ஆகவே ‘2 0’ என்றால் மூன்றாம் வெளியீட்டுக்கு முதல் உள்ளீடு. எக்ஸ்ட்ரான் பழக்கத்தோடு வருபவர் இதில் கட்டாயம் ஒருமுறை தவறுவார். ஆனால், எந்த மாற்றம் நடந்தாலும் இணைந்திருக்கும் எல்லோருக்கும் தானே அறிவித்துவிடுவது இதன் தனிச் சிறப்பு.

வேகத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. 9600 பாட், அதாவது விநாடிக்கு 9600 பிட் என்ற சீரியல் வேகத்தில் ஒரு குறிக்குப் பத்து பிட் செலவாவதால் விநாடிக்கு 960 குறிகள் போகும், 1*3! போய்ச் சேர நான்கு மில்லிவிநாடிதான். அதன்பின் எச்டிஎம்ஐ திரை படத்தை ஏற்றுக்கொள்ள எடுக்கும் ஓரிரு விநாடிதான் நம் கண்ணுக்குத் தெரிகிற தாமதம்.

பதிலின் அருமை எனக்குப் புரிந்தது தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டிய ஒரு மண்டபத்தில். பெண் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசல் திரை சில விநாடிக்கு ஒருமுறை கறுத்துக் கறுத்து மீண்டது. கட்டளை சரியாகப் போய்க்கொண்டிருந்தது; பதில்தான் வரவில்லை. கன்ட்ரோலர் அதைத் தோல்வி என்று கருதித் திரும்பத் திரும்ப அதையே அனுப்ப, சுவிட்சரும் ஒவ்வொரு முறையும் பணிவாக மாற்றியது. கேபிளின் சுவிட்சர் முனையைக் கழற்றி, அதன் இரண்டாம், மூன்றாம் ஊசிகளை ஒரு கம்பியால் இணைத்து, தட்டிய எழுத்து திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மறுமுனையைத் திறந்ததும் தெரிந்தது: உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த இரண்டாம் ஊசி, கன்ட்ரோலர் பதிலைக் கேட்கும் ஊசி. நான்தான் அங்கே தங்கமுலாம் இல்லாத மலிவு கனெக்டரைப் போட்டிருந்தேன்.

ஆகவே, ஒரே கன்ட்ரோலர் மட்டும் பேசும் மண்டபத்துக்குச் சீரியலும் எக்ஸ்ட்ரான் அல்லது புரோட்டோகால் 3000 மொழியும் போதும். அங்கே வைஃபை ரவுட்டரை யாராவது மாற்றி ஐபி முகவரி குழம்பினாலும் சீரியல் அசையாது. ஆர்எஸ்-232-க்குப் பொதுவாகச் சொல்லப்படும் 15 மீட்டரைத் தாண்ட வேண்டியிருந்தால், படத்தை நெட்வொர்க் கேபிளில் தொலைவுக்குக் கொண்டுபோகும் எச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டரின் அதே கேபிளிலேயே சீரியலையும் அனுப்பிவிடலாம். புதுச்சேரியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கக் கூடம்போல மேடை டேப்லெட், ஒலிப்பதிவு அறை, முன்பக்கப் பொத்தான் என மூன்று இடங்களிலிருந்து மாற்றும் வழக்கம் இருந்து, கேமராக்களும் எஸ்டிஐ-யாக இருந்தால், நான் வீடியோஹப்பையே எடுப்பேன். புரோட்டோகால் 2000 மட்டுமே தெரிந்த பழைய பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தால், கட்டளை எழுதியவரே பத்து வருடம் ஊரில் இருப்பார் என்ற உறுதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.